மெய்ப்பயிற்சியும் கைப்பேசியும்: ஒரு சீன இணையப் புதினம் குறித்து

மூச்சையும் உடலையும் பயிற்சியால் பக்குவப்படுத்திச் சாவைக் கடக்க முயலும் வீரர்களைப் பாடுபொருளாகக் கொண்ட சீனப் புதினங்கள் ‘சியூசென்’ வகை எனப்படும். அவ்வீரர்கள் இன்றைய மாநகரில், நம்மிடையே மறைந்து வாழ்வதாகப் புனையும் கிளை ஒன்றும் இவ்வகையில் உண்டு. 2015இல் சிதியான் இணையத்தளத்தில் தொடராகத் தொடங்கிய ‘சியூசென் உரையாடற் குழு’ அக்கிளையைச் சார்ந்தது. நம் மாணவர் சிலர் இதனை ஆங்கிலவழிப் படிக்கின்றனர். ஆசிரியருள் பலர் படியாமலே ஒதுக்குகின்றனர். படித்த பின் ஒதுக்குவதே திறனாய்வு முறையாகும்.

முதலில் சொல்லைக் காண்போம். ‘சியூ’ என்பது பயிலல், செப்பனிடல். ‘சென்’ என்பது உண்மை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கையாளும் சொல் உழவரையும் குறிப்பதால் மயக்கம் தருகிறது. தமிழில் ‘சாதகர்’ என்றால் பிறப்புக் குறிப்பு நினைவிற்கு வரும். ‘சித்தர்’ என்பதும் முற்றும் பொருந்தாது; நம் சித்தர் பாடல்கள் சடங்கையும் குலப்பெருமையையும் சாடுவன, இப்புதின மாந்தரோ படிநிலையும் பட்டமும் கொண்டவர்கள். போகர் சீனத் தொடர்புடையவர் என்னும் மரபுவழிச் செய்தியை இங்குச் சான்றாக்குவதும் மிகையே. ‘மெய்ப்பயிற்சி’ என்பதே என் தெரிவு. மெய் என்பது உண்மையையும் உடலையும் ஒருங்கே சுட்டும். உடலைப் பக்குவமாக்குவதே உண்மையை அடையும் வழி எனக் கருதிய தாவோ மரபுக்கு இதனினும் பொருத்தமான சொல் அரிது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹொங் தம் ‘பாவ்புசி’ நூலில் சாவா மருந்துகளைப் பற்றி எழுதியபோதும் உடலே களமாக இருந்தது.

இப்புதினத்தின் தொடக்கப் பகுதி சிறப்பது இம்மெய்யைக் கைவிடாமையால்தான். சொங் ஷூஹாங் எனும் கல்லூரி மாணவன் தவறுதலாக ஓர் உரையாடற் குழுவில் சேர்க்கப்படுகிறான். அங்குள்ளோர் மருந்துச் சேர்மானம், துறவொடுக்கம், இடித்தண்டனை பற்றி எழுதுவதைக் கண்டு, கற்பனையில் திளைக்கும் சிறுவர் விளையாட்டென எண்ணுகிறான். பின்னர் உடலை உரமாக்கும் நீர்மத்தை அவன் காய்ச்சுவது மருந்து உலையில் அன்று. விடுதி அறையில், மின்னடுப்பின்மேல் வைத்த சாதாரணச் சமையற் கலத்தில்! மூத்தோர் திகைக்கின்றனர். நீண்ட ஒடுக்கத்திலிருந்து வெளிவரும் பாய் என்னும் பெரியவர் கைப்பேசியையும் ஊர்தியையும் புதிதாகக் கற்க வேண்டியவராகிறார். ஆற்றல் மிக்க முதியோருக்கு ஆற்றலற்ற இளைஞன் நகரத்தை விளக்கும் இத்தலைகீழ் உறவிலேயே நகைச்சுவை பிறக்கிறது. ஒருவகைத் தனிமையும் தென்படுகிறது. நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்க்குப் பேச ஆளில்லை, ஆகவே குழு.

கதை வளர வளர இந்நயம் தேய்கிறது. மருந்தின் கசப்பும் உடலின் சோர்வும் மறைந்து, ஒன்பது நிலைகளுள் எது என்ற எண்ணிக்கையே எஞ்சுகிறது. நகரம் பின்தங்க, அண்டங்களும் வானியதியும் முன்வருகின்றன. இதற்கு ஆசிரியரை மட்டும் குறைகூறல் முறையன்று. சிதியான் போன்ற தளங்களில் கட்டணம் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. தொடர் நீளும்வரைதான் வருவாய். ஏறி முடிந்த படிக்குமேல் இன்னொரு படியை வைப்பது நீட்டுதற்கு மிக எளிய உத்தி. 1932இல் நாளிதழ்த் தொடராகத் தொடங்கிய லி ஷோவ்மினின் ‘ஷூமலை வாள்வீரர்’ கதையும் முடிவுகாணாது நீண்டதே. எனினும் அதில் மலையும் அருவியும் விலங்குகளும் கதையை நிலத்தோடு பிணைத்தன. இங்கு அப்பிணைப்பாக இருந்தது விடுதி அறை. அதை விட்டு நீங்கியதும் இது பிற சியூசென் கதைகளினின்று வேறுபடவில்லை என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பு வகுப்பிற்குத் தொடக்க அத்தியாயங்கள் போதுமானவை. அவற்றில் ஒரு சிக்கலான பணி காத்திருக்கிறது. பல நூற்றாண்டு வயதுடையோர் கைப்பேசியில் தட்டும் ஒருவரிச் செய்திகளை எந்தத் தமிழில் தருவது? செந்தமிழ் எனில் நகை கெடும். குறுஞ்செய்தித் தமிழ் எனில் வயது மறையும். ஒவ்வொருவரும் வெளியுலகை எப்போது கடைசியாகக் கண்டார் என்பதையொட்டி மொழிநடையை வகுக்கலாம். அவ்வாறாயின் பாய்க்குப் பழைய உரைநடையும், குழுவின் இளையோர்க்குப் பேச்சுவழக்கும் அமையும்.