லிடியன் நாதஸ்வரம்: வேகத்துக்கு அப்பால்

லிடியன் நாதஸ்வரம் (பிறப்பு: 2005) சென்னையைச் சேர்ந்த பியானோ கலைஞர், இசையமைப்பாளர். தந்தை இசையமைப்பாளர் வர்ஷன் சதீஷ். 2019-ல் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார்.

மதிப்பீடு

ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘ஃப்ளைட் ஆஃப் தி பம்பிள்பீ’யை அப்போட்டியில் நிமிடத்துக்கு 208 தட்டுகள் வேகத்திலும், பின்னர் 325 வேகத்திலும் வாசித்தார். அது வண்டின் ரீங்காரத்தைச் சித்தரிக்கும் இசை. ரீங்காரம் நெருங்கி விலகும் ஏற்ற இறக்கமே அதன் அழகு. 325-ல் விரல்கள் வியப்பூட்டுகின்றன, வண்டு மறைந்துவிடுகிறது.

வேகத்தை எண்ணால் அளக்கலாம். இசையமைப்புக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. மோகன்லால் இயக்கிய ‘பரோஸ்’ (2024) படப் பாடல்களுக்கு இசையமைத்தபோது லிடியன் அந்தக் கடினமான தேர்வுக்குள் நுழைந்தார். பிறர் விரும்பி வாசிக்கும் மெட்டுகளை உருவாக்குவதே அவருடைய இடத்தை முடிவுசெய்யும்.