சிதைந்த கூட்டில் இல்லாத ஊடல்

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) படத்தைப் பார்த்து முடித்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. “அப்படி என்னதான் தப்பு நடந்துபோச்சு?” நியாயமான கேள்விதான். நம் செய்தித்தாள்கள் ‘கள்ளத்தொடர்பு’ என்று எழுதுகிற எதுவும் அதில் இல்லை. அழுகை தாளாமல் சாரு அமலின் மார்பில் சாய்கிற ஒரு கணம், அவ்வளவுதான். ஆனால் இப்படத்துக்கு மூலமாக இரவீந்திரநாத தாகூர் 1901-இல் எழுதிய குறுநாவலின் பெயரோ ‘நஷ்டநீட்’. அதாவது சிதைந்த கூடு. ஒன்றுமே நடக்காத வீட்டில் சிதைந்தது எது?

கதை நமக்குத் தெரிந்ததுதான். பூபதி செல்வர், ஆங்கிலப் பத்திரிகை நடத்துகிறார். மனைவியை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஒருநாளும் உட்கார்ந்து பேசியதுமில்லை. சிறுபெண்ணாக வந்தவள் வளர்ந்து பெரியவளானதைக்கூடக் கவனிக்கவில்லை. அவருடைய அத்தை மகன் அமல் அந்த வீட்டில் தங்கிப் படிக்கிறான். அண்ணியும் அவனும் வீட்டையொட்டிய வெற்றிடத்தில் தோட்டம் போடத் திட்டமிடுகிறார்கள். எழுதியதைப் படித்துக் காட்டிக்கொள்கிறார்கள். எல்லாம் “சும்மா பேசிக்கிட்டிருக்கோம்” வகைதான். ஆனால் அவன் எழுத்து தனக்கு மட்டுமே என்று அவள் நினைத்திருக்க, அமல் அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறான். சாரு துடித்துப்போகிறாள். ஊரே பாராட்டும்போது அவளுக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? ‘நம் இருவருக்கு மட்டும்’ என்று ஒரு வேலி எப்போதோ எழுந்துவிட்டது. கட்டிய கணவர் அந்த வேலிக்கு வெளியே நின்றார். கூடு சிதையத் தொடங்கியது அங்கேதான்.

இந்த இடத்தில் நம் வள்ளுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. உணவுக்கு உப்புப் போல உறவுக்கு ஊடல் என்பது அவர் கருத்து. இந்த உரைகல்லில் தாகூரின் கதையை உரசிப் பாருங்கள். சாரு கோபிக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், பேசாமல் இருந்து தண்டிக்கிறாள்; எல்லாமே அமலிடம். பூபதியிடம் அவளுக்குச் சண்டையே இல்லை. “எங்க வீட்ல சண்டையே கிடையாது சார்” என்று பெருமைப்படுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது. ஒருவரிடம் கோபித்துக்கொள்ளும் உரிமை எங்கே போகிறதோ, மனம் அங்கே குடிபோய்விட்டது என்று பொருள். உடல் போக வேண்டிய அவசியமே இல்லை.

பூபதி இதை எப்படி எதிர்கொள்கிறார்? நாவலில், அமல் போன பிறகு மனைவி மகிழட்டும் என்று அவரே வங்காளத்தில் எழுதத் தொடங்குகிறார். பரிதாபத்துக்குரிய முயற்சி. அவர் அமலாக மாறப் பார்த்தாரே தவிர, “உனக்கு என்னம்மா குறை?” என்று கேட்கவில்லை. பிறகு, சாரு இரகசியமாக நகையைப் பணமாக்கி, இங்கிலாந்து போன அமலுக்குத் தந்தி அடித்தது பதில் தந்தியால் அவருக்குத் தெரிய வருகிறது. அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. அந்தப் பண்பை மெச்சலாம். ஆனால் அந்த மௌனம் மருந்தாகவில்லை. மைசூரில் பத்திரிகை வேலைக்குக் கிளம்புகிறவரிடம் தன்னையும் அழைத்துப்போகும்படி சாரு கேட்கிறாள். அவர் ஒரு கணம் தயங்குகிறார். பின்னர் ‘வா’ என்றபோது அவள் வேண்டாமென்று மறுத்துவிடுகிறாள்.

ராய் முடிவை மாற்றினார். படத்தில் இருவர் கைகளும் நீள்கின்றன. தொடுவதற்கு முன்பே காட்சி உறைந்துவிடுகிறது. தாகூரின் முடிவு உண்மைக்கு நெருக்கம். ராயின் முடிவு வாழ்கிறவர்களுக்கு உதவக்கூடியது. உடனே சேர்த்தும் வைக்கவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. தாகூரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அமலைக் கல்யாணம், கப்பல், இங்கிலாந்து என்று எளிதாக அனுப்பிவிட்டார். கணக்குத் தீர்க்கும் பொறுப்பு முழுதும் தம்பதியர் தலையில் விழுந்தது.

ஊரை விட்டு வந்த நமக்கு இக்கதை இன்னும் அருகில் வருகிறது. பாஷை தெரியாத தெருவில், பகல் முழுக்கத் தனியே இருக்கிற பெண்ணுக்குத் தமிழில் பேச ஒருவர் கிடைத்தால் அது எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆபீஸில் மனம்விட்டுப் பேச ஒருவர் கிடைத்த ஆணுக்கும் அப்படியே. அந்த நட்பைக் குற்றமென்று சொல்ல வரவில்லை. வீட்டில் சொல்ல முடியாதபடி அது எப்போது மாறுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். மாறிவிட்டால் வேவு பார்த்துப் பயனில்லை, கைபேசியைப் பிடுங்கியும் பயனில்லை. “என்னிடம் சொல்லாமல் அங்கே எதைச் சொன்னாய்?” என்று கேட்டு, வரும் பதிலைப் பொறுமையோடு கேட்க வேண்டும். சண்டை வரும், வரட்டும். பூபதி அந்தச் சண்டையைக் கடைசிவரை போடவில்லை. கூடு சிதைந்தது அதனால்தான்.