உடையாத கண்ணாடி என்று ஒன்று உண்டா?

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நீளம் 77 மீட்டர். அகலம் 10 மீட்டர். 2025-இல் பராமரிப்பு வேலையின்போது சுத்தியல் ஒன்று தவறி விழுந்து, கண்ணாடித் தகடு ஒன்றில் விரிசல் கண்டது. உடனே இரண்டு கட்சிகள் கிளம்பின. 'உடையவே உடையாது என்றார்களே!' என்றது ஒன்று. 'பாலமே ஆபத்து' என்றது மற்றொன்று. இரண்டுமே பௌதிகத்தைக் கேளாமல் பேசிய பேச்சு.

கண்ணாடி அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருப்பதே காரணம். தகடு வளையும்போது அவை வாய் திறந்து ஓடுகின்றன. இதைத் தடுக்க, தகட்டை 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, இருபுறமும் காற்றுத் தாரைகளை வீசி விரைவில் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பின்பு உட்பகுதி ஆறிச் சுருங்கும்போது, இறுகிய மேற்பரப்பையும் சேர்த்து இழுக்கிறது. ஆகவே மேற்பரப்பில் அமுக்கமும் உள்ளே இழுவிசையும் நிலைத்துவிடுகின்றன. கீறல்களின் வாய் நெருக்கி மூடப்படுகிறது. வலிமை நான்கைந்து மடங்காகிறது. கடைக்காரர்கள் 'டஃபன்ட்' என்பது இதைத்தான்.

ஆனால் கூர்மையான அடி அமுக்கப் படலத்தைத் துளைத்துவிட்டால், உள்ளே அடைபட்டிருந்த ஆற்றல் முழுவதும் வெளிப்பட்டு, தகடு நொடியில் கற்கண்டுத் துண்டுகளாகச் சிதறும். கத்திபோன்ற சில்லுகள் இல்லாததுதான் இதன் பாதுகாப்பு. உடையாமை அன்று!

நடைதளங்களுக்கு இத்தகைய ஒற்றைத் தகடு போதாது. நெகிழிப் படலத்தை இடையே வைத்து ஒட்டிய அடுக்குக் கண்ணாடி வேண்டும். ஓர் அடுக்கு விரிந்தாலும் துண்டுகள் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். மற்ற அடுக்குகள் பாரத்தைச் சுமக்கும். 1903-இல் பாரிசில் பெனடிக்டஸ் என்பவரின் குடுவை கீழே விழுந்தும் சிதறாமல் நின்றதைக் கண்டதிலிருந்து பிறந்த யோசனை இது.

நமது கவலை பாலத்தைப் பற்றியதன்று. தென்காசியிலும் குற்றாலத்திலும் மாடி முகப்புகளுக்குக் கண்ணாடிக் கைப்பிடிச் சுவர் வைக்கும் மோகம் வந்திருக்கிறது. சாரல் காலத்தில் கணவாய் வழியாக வரும் காற்றின் வேகம் இவ்வூரார் அறிந்ததே. குரங்குகளின் சேட்டையைச் சொல்லவே வேண்டாம். அங்கே ஒற்றைத் தகடு சிதறினால், சாய்ந்து நின்ற குழந்தைக்கு முன்னால் மிஞ்சுவது வெற்றிடந்தான். இதைச் சொல்லாமல் 'உடையாது' என்று விற்பது பெருந்தவறு. வாங்குவோரும் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐ.எஸ். 2553 தர முத்திரை இருக்கிறதா, அடுக்குக் கண்ணாடியா, விளிம்பு இரும்பில் உரசாமல் ரப்பர் வைத்திருக்கிறதா என்று கேட்பவர் அரிது. விளிம்புதான் இதன் உயிர்நிலை. முகத்தில் விழும் குத்தைத் தாங்கும் தகடு, ஓரத்தில் படும் சிறு அடிக்குப் போய்விடும். நிக்கல் சல்பைடு துணுக்கு உள்ளே சிக்கியிருந்தால், யாரும் தொடாமலே பின்னொரு நாள் வெடிப்பதும் உண்டு.

மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். போலராய்டு மூக்குக் கண்ணாடி அணிந்து, காலையிலோ மாலையிலோ காரின் பின்புறக் கண்ணாடியைப் பாருங்கள். காற்றுத் தாரை பட்ட தடங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். இன்னொன்று: பொருத்தும் இடத்தில் 'ஓரத்தைக் கொஞ்சம் வெட்டித் தருகிறேன்' என்று ஒருவர் சொல்லி, வெட்டியும் தந்துவிட்டால், அது பதமேற்றிய கண்ணாடியே அல்ல.