ஒப்பாரியில் கை வைக்காதீர்கள்

சந்திரன் ஏழில் நிற்க, குருவும் செவ்வாயும் ஒன்றுகூடினால் உலகத்தில் சமாதானம் பிறக்கும் என்று பதுளையில் எந்தச் சாத்திரியாரிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். சந்திரன் தினமும் இரண்டு மணி நேரம் போல ஏழாம் வீட்டில் இருக்கத்தான் செய்கிறது. குருவும் செவ்வாயும் இரண்டேகால் வருடத்துக்கு ஒருமுறை சேர்ந்துவிடுகின்றன. அப்போது பிறக்கும் என்று சொல்லப்படும் கும்ப யுகம் என்பதோ அயனாம்சக் கணக்கு. லஹிரி முறைப்படி அது பிறக்க இன்னும் 400 வருடமாவது வேண்டும்.

ஆனாலும் இந்தச் சாத்திரத்தை நம்பிய 'அக்வேரியஸ்' (கும்பம்) பாட்டு, ஃபிஃப்த் டைமென்ஷன் குழுவின் குரலில், 1969இல் அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. இசைத்தட்டில் கேட்பவருக்கு அது கொண்டாட்டம். மூலமான 'ஹேர்' நாடகத்தில் கதை வேறு. கும்ப யுகப் பாட்டு தொடக்கத்தில் வரும். வெயிலை உள்ளே விடச் சொல்லும் பாட்டு கடைசியில், வியட்நாம் போருக்குப் பிடித்துச் செல்லப்பட்ட நாயகன் கிளாட் பிணமாகக் கிடக்கும்போது. இசைத்தட்டு இரண்டையும் ஒட்டியது, நடுவில் இருந்த சாவை விட்டுவிட்டது. மேடையில் மன்றாட்டாக இருந்தது வானொலியில் கும்மாளமானது.

நம் மலையகத்துக் காமன் கூத்தை இதோடு வைத்துப் பார்க்கலாம். அதுவும் கும்ப மாதத்து ஆட்டம்தான். மாசி அமாவாசை கழிந்து பிறை கண்டதும் கம்பம் ஊன்றுவார்கள்; ரதியும் மதனும் தோட்டத்து லயம் லயமாக ஆடி வருவார்கள். சிவன் மதனை எரிக்கும் இரவில் கவனிக்க வேண்டியது தப்புக்காரர்களை. சருகு மூட்டித் தோலைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சுவார்கள். சிவன் நெற்றிக்கண் திறக்கும்வரை அடி ஏறிக்கொண்டே போகும். பிறகு சேலை கட்டிய ஆண் ஒருவர், ரதியாக, ஒப்பாரி எடுப்பார். நல்ல ஆட்டக்காரர் அங்கே அவசரப்படமாட்டார். லயத்துப் பெண்கள் அழுவது மதனுக்காக மட்டுமா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. அமெரிக்கா கும்ப யுகம் பாடிய அதே வருடங்களில்தான் இங்கே குடும்பங்கள் பிரிந்தன.

மதன் எழுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். என் கணக்கில் இது 'ஹேர்' முடிவை விடத் துணிச்சலான முடிவு. கிடைத்த நம்பிக்கை அரைகுறை என்பதைக் கூத்து மறைக்கவில்லை. முழுசாக எழுப்பி ஊர்வலம் விட்டிருந்தால் கைதட்டல் கூடியிருக்கும், கூத்து செத்திருக்கும்.

விடிய விடிய ஆட வேண்டியதை விழா மேடைக்கு அரை மணியாகச் சுருக்கும்போது முதலில் போவது அந்த ஒப்பாரிதான். வண்ண விளக்கில் ரதி-மதன் கல்யாணம் மட்டும் நீளும். நேரம் போதாவிட்டால் கல்யாணத்தைக் குறையுங்கள், கூத்து மாஸ்டர். வேண்டுமானால் தூதன் காட்சியையும் எடுத்துவிடுங்கள்.