ஏணி சார்த்திய போரும் ஆளில்லா வயல்களும்

அலையலையாய்ச் சரியும் விளைநிலம், அதன்மேல் ஆங்காங்கே உருண்டு கிடக்கும் புல்லுருளைகள், மேலே தெளிந்த வானம். இத்தகைய ஒளிப்படங்களை 'இயற்கைக் காட்சி' என்று வகைப்படுத்துவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். நாட்காட்டிகளில் இப்படம் ஒன்றாவது இல்லாமற் போவதில்லை. இவற்றின்மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. பாடுபட்டு முடிந்த களத்தை, யாரும் பாடுபடாத இடம்போல் இவை காட்டுகின்றன.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டால்பொட், 1844 இல் ஓர் உலர்புற் போரைப் படம்பிடித்தார். 'த பென்சில் ஒஃப் நேச்சர்' என்ற அவரது நூலில் அது பத்தாவது படம். எந்த ஓவியனும் பொறுமையோடு வரைய முனையாத நுண்விபரங்களையும் கமரா ஒரே முறையில் பதித்துவிடும் என்பதை நிறுவவே அதை அவர் சேர்த்தார். எனது கண் போவதோ போரில் சார்த்தியிருக்கும் ஏணிக்கும் அதன் நிழலுக்கும். போரின் ஒரு பகுதி சுவர்போல் நேராக வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. ஆள் இல்லை. ஆனால் ஏறியவனும் வெட்டியவனும் படத்தை விட்டுப் போகவில்லை.

இடையில் ஒரு சொல். இந்த உலர்புல்லையும் நாம் வைக்கோல் என்றே எழுதிவிடுகிறோம். வைக்கோல் என்பது கதிரடித்தபின் எஞ்சுவது. இதுவோ கால்நடைத் தீனிக்கென்றே அரிந்து காயவைத்த புல். ஓவியர் மோனே 1890–91 இல் ஜிவெர்னியில் வரைந்து புகழ்பெற்ற 'வைக்கோற் போர்'கள் இரண்டுமல்ல. கதிரோடு அடுக்கிய தானியப் போர்கள். நம் வயற்காரர் அவற்றைச் சூடு என்றிருப்பார்.

இன்றைய படங்களில் வரும் பெரிய உருளைக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கேரி வெர்மியர் என்பவர் 1971 இல் அதற்கான இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு முந்திய சிறு பெட்டிக் கட்டுகளைத் தூக்கி வண்டியில் அடுக்கப் பல கைகள் வேண்டியிருந்தன. உருளையோ நூற்றுக்கணக்கான கிலோ எடை. மனிதனால் தூக்க முடியாது. உழவு இயந்திரத்தோடு ஒருவர் போதும். ஆகவே ஆளில்லாமை முழுவதையும் படப்பிடிப்பாளர் தலையில் கட்டுவது நியாயமாகாது. வயலிலேயே ஆள் குறைந்துவிட்டது. அந்தக் குறைவை அழகாக மட்டும் கண்டு திரும்பிவிடுவதே எனது முறைப்பாடு.

இதன் உச்சம், விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளின் முகப்பில் 2001 முதல் கோடிக்கணக்கானோர் கண்ட பச்சைக் குன்று. சார்ள்ஸ் ஓரியர் 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்தது. அது திராட்சை விளையும் பிரதேசம். வேரைத் தாக்கும் ஃபிலொக்செரா என்ற பூச்சியினால் அக்குன்றின் கொடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. வெறுமையான நிலத்தில் மாரி மழைக்குப் புல் முளைத்திருந்தது. அதாவது நாம் கண்டது ஒரு விவசாயியின் நட்டம். அதற்கு மைக்ரோசொஃப்ட் இட்ட பெயர் 'பிளிஸ்', பேரானந்தம்! படம் பொய் சொல்லவில்லை. பெயர் சொல்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் எதிர்ப்புறத்தில் நான் நிறுத்துவது இத்தாலியரான மரியோ ஜியாகொமெல்லியை (1925–2000). செனிகாலியா நகரில் அச்சுத் தொழில் செய்து வாழ்ந்தவர். மார்க்கே பிரதேசத்துக் குன்று வயல்களைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்ப எடுத்தார், பெரும்பாலும் உயரத்திலிருந்து. கடுங்கருப்பும் கடும்வெண்மையும்தான், நடுச்சாம்பல் மிகக் குறைவு. உழவு சால்கள் முதியவர் முகத்துச் சுருக்கங்களாகத் தெரிகின்றன. தனக்கு வேண்டிய கோடுகளை உழவு இயந்திரத்தால் கீறித் தரும்படி விவசாயிகளை அவர் கேட்டதும் உண்டு. இதை மோசடி என்பார் இருக்கலாம். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. எந்த வயலும் யாரோ ஒருவர் கீறியதுதானே. அவர் அதை ஒளிக்கவில்லை. அப்படங்கள் பலவற்றில் வானமே கிடையாது. சட்டகத்தின் நான்கு விளிம்பு வரையும் மண், கொத்தப்பட்ட, கிழிக்கப்பட்ட மண். நாட்காட்டிக்கு அவை உதவமாட்டா.