மன்றாட்டின் எல்லை: போன்ஹோபரின் 'கூடி வாழ்தல்' குறித்து

நம் வழிபாட்டில் பிறருக்காக மன்றாடும் பகுதியே பெரும்பாலும் விரைந்து முடிக்கப்படுகிறது. நோயுற்றோர், விதவைகள், பிரயாணிகள், அதிகாரத்திலுள்ளோர் என மனிதர் வகை வகையாகச் சொல்லப்படுகின்றனர். சபையாரும் பழக்கத்தினால் மறுமொழி கூறுகின்றனர். ஆகவே டீட்ரிச் போன்ஹோபர் 1939-இல் வெளியிட்ட 'கூடி வாழ்தல்' எனப் பொருள்படும் சிறு நூலில் இம்மன்றாட்டைக் குறித்து எழுதியுள்ள பக்கங்களை ஆராய்ந்து பார்ப்பது நமக்கு நலமாகும்.

இந்நூல் ஏட்டறிவினால் மட்டும் பிறந்ததன்று. ஜெர்மனியின் அறிக்கையிடும் திருச்சபைக்காக அவர் பிங்கன்வால்டேயில் நடத்திய குருத்துவப் பயிற்சிப் பள்ளியை 1937-இல் இரகசியக் காவல்துறையினர் மூடினர். அங்கு மாணவரோடு கூடி வாழ்ந்த அனுபவமே இதற்கு அடிப்படை. தனித்திருக்கும் வேளைக்குரிய கடமைகளாகத் திருமறைத் தியானம், ஜெபம், பிறருக்கான மன்றாட்டு ஆகிய மூன்றையும் அவர் குறிப்பிடுகிறார். உறுப்பினர் ஒருவருக்கொருவர் மன்றாடாவிடில் ஐக்கியம் நிலைத்திராது என்பது அவர் துணிபு. மன்றாடுவதென்பது சகோதரனைக் கிறிஸ்துவின் சிலுவையண்டை கொண்டுவந்து, கிருபை தேவைப்படும் பாவியாக அவனைக் காண்பதாகும். அவ்விடத்தில் அவன்மீதுள்ள வெறுப்பு நிலைக்க முடியாது. எனவே மன்றாட்டு பொதுப்படையாயிராமல், குறிப்பிட்ட மனிதரையும் அவர்தம் குறிப்பிட்ட தேவையையும் பற்றியதாயிருக்கவேண்டும் என்கிறார்.

இக்கருத்தின் வலிமையை நாம் மறுப்பதற்கில்லை. மன்றாட்டை அவர் உணர்ச்சியின்மேல் அல்ல, கிறிஸ்துவின்மேல் கட்டுகிறார். நமக்காக வேண்டுதல்செய்ய என்றும் உயிரோடிருப்பவரைப் பற்றி எபிரெயர் 7:25 கூறுவதற்கு இது இசைந்ததே.

எனினும் அவர் வரையும் வட்டம் நமக்கு நிறைவளிக்கவில்லை. நம்மோடு வாழ்வோர், நம்மிடம் ஜெபிக்கக் கேட்டுக்கொண்டோர், நம்மேல் பொறுப்பாக விழுந்தோர் ஆகியோரே அதில் முதன்மை பெறுகின்றனர். கேட்க இயலாதவர் நிலை என்ன? ஆபிரகாம் சோதோமுக்காகப் பரிந்து பேசினான். அவனிடம் எவரும் கேட்டுக்கொள்ளவில்லை. 1 தீமோத்தேயு 2:1 எல்லா மனுஷரையும் உள்ளடக்குகிறது. போன்ஹோபரும் 1937-இல் வெளிவந்த தம் சீஷத்துவ நூலில் சத்துருக்களுக்காக ஜெபிப்பதை வலியுறுத்தினார். அவ்வகலம் இப்பக்கங்களில் போதிய அளவு தோன்றவில்லை.

இக்குறையின் விளைவைத் திருச்சபை வரலாறே காட்டுகிறது. அறிக்கையிடும் திருச்சபை சிறைப்பட்ட ஊழியரின் பெயர்களைப் பட்டியலிட்டு வழிபாட்டில் வாசித்தது. இது பாராட்டத்தக்க துணிவே. ஆயினும் 1943 ஏப்ரலில் போன்ஹோபர் அரசியல் காரணத்தால் சிறைப்பட்டபோது, அவர் பெயரே அப்பட்டியலில் இடம்பெறவில்லை! அதே காலத்தில் பெர்லினில் கத்தோலிக்க குருவான பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க், ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட 1938 நவம்பர் முதல் யூதருக்காக வெளிப்படையாக மன்றாடிவந்தார். 1941 அக்டோபரில் கைதுசெய்யப்பட்ட அவர், 1943 நவம்பர் 5-இல் டாக்கோ முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் மரித்தார். பலிபீடத்தண்டையில் பேசப்பட்ட சில சொற்களை ஓர் அரசு குற்றமாக எண்ணிற்று.

போன்ஹோபரின் நூல் நம் மாணவர் கைகளில் இருக்கவேண்டியதே. பெயர் சொல்லி மன்றாடுதல் என்னும் அவர் பாடத்தை நாம் கற்றுக்கொள்வோமாக. ஆனால் ஞாயிறு மன்றாட்டை எழுத அமரும் குருவானவர், அதில் எவர் பெயர் உள்ளது என்பதோடு, எவர் பெயரைச் சொல்ல அஞ்சுகிறோம் என்பதையும் சிந்திக்கவேண்டும். அப்பெயரைச் சொன்னபின், அம்மனிதரின் துன்பத்தில் பங்குகொள்ளும் கடமையும் சபைக்கு உண்டாகிறது என்பதே நம் கருத்து.