காஸ் துணி சுமக்க முடியாதது

சிசேரியனுக்கு முன் தாயின் பிறப்புறுப்பில் உப்புநீரில் நனைத்த காஸ் துணியை ஒரு மணி நேரம் வைத்திருந்து, அறுவை தொடங்குமுன் எடுத்துவிடுகிறார்கள். குழந்தை வெளியே வந்த இரண்டொரு நிமிடத்தில் அதே துணியால் அதன் வாய், முகம், உடல் என்று துடைக்கிறார்கள். 2016இல் மரியா குளோரியா டோமிங்குயஸ்-பெல்லோ குழுவினர் 'நேச்சர் மெடிசின்' இதழில் இந்த முறையை விவரித்தார்கள். துடைக்கப்பட்ட குழந்தைகள் நான்கே பேர். ஆனாலும் செய்தி பரவ, எங்களுக்கும் இப்படிச் செய்யுங்கள் என்று பல நாடுகளில் பெற்றோர் மருத்துவர்களிடம் கேட்கத் தொடங்கினார்கள்.

கேட்டதில் நியாயம் உண்டு. அதே விஞ்ஞானி 2010இல் வெனிசுவேலாவில் நடத்திய ஆய்வில், சுகப்பிரசவக் குழந்தைகளிடம் தாயின் பிறப்புப் பாதையில் வாழும் லாக்டோபேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் இருந்தன. சிசேரியன் குழந்தைகளிடம் தோலில் வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் வகையறா இருந்தன. குடலில் முதலில் குடியேறும் பாக்டீரியாக்கள்தான் குழந்தையின் எதிர்ப்பாற்றலைப் பழக்குகின்றன. சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆஸ்துமாவும் உடல் பருமனும் சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. விட்டுப்போனதைச் செலவில்லாமல் ஈடுகட்டலாம் என்றால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்?

சிக்கல், விட்டுப்போனது எது என்பதில் இருக்கிறது. பிரிட்டனில் ஏறத்தாழ 600 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, சிசேரியன் குழந்தைகளிடம் முக்கியமாகக் குறைந்திருப்பது பாக்டீராய்டிஸ் என்றது. அது தாயின் குடலில் வாழ்வது. பிறப்புறுப்பின் பாக்டீரியாக்களோ எந்தக் குழந்தையின் குடலிலும் பெரிதாகத் தங்கவில்லை. பிரசவத்தின்போது தாயின் மலம் சிறிதளவு குழந்தையின் மேல் படுவது இயல்பு. பாக்டீராய்டிஸ் வந்து சேரும் முக்கிய வழி அதுவாகவே இருக்க வேண்டும். அது வராத குடலில் என்டரோகாக்கஸ், க்ளெப்சியெல்லா போன்ற மருத்துவமனைக் கிருமிகள் இடம்பிடிக்கின்றன. அப்படியென்றால் காஸ் துணி, வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைச் சுமந்து வருகிறது.

2020இல் ஹெல்சின்கி மருத்துவர்கள் நேராக மூலத்துக்கே போனார்கள். தாயின் மலத்தில் மிகச் சிறிய அளவைத் தாய்ப்பாலில் கரைத்து ஏழு சிசேரியன் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அவர்களின் குடல் நுண்ணுயிர்கள் சுகப்பிரசவக் குழந்தைகளுடையதை நெருங்கின. ஆனால் ஆய்வுக்குச் சேர்ந்த தாய்மார் பதினேழு பேர். கிருமிச் சோதனை உள்ளிட்ட வடிகட்டலில் மீதியானவர்களே அந்த ஏழு பேர். வீட்டில் யாரும் முயலவே கூடாத காரியம் இது.

காஸ் துணிக்கும் இதே கிருமி ஆபத்து உண்டு. பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸோ ஹெர்பிஸோ தாயிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். பச்சிளங்குழந்தைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆய்வுக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல் சொன்னது சரியான முடிவு.

பிறந்த வழிக்கும் குடல் பாக்டீரியாக்களுக்கும் உள்ள கணக்கைத் தாயின் எடை இன்னும் சிக்கலாக்குகிறது. நோயல் முல்லர் குழுவினரின் 2016 ஆய்வில், சுகப்பிரசவமான பருமனான தாய்மாரின் குழந்தைகளிடம் பாக்டீராய்டிஸ் கூடுதலாக இருந்தது. சிசேரியனில் தாயின் எடையால் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. கனடாவில் 935 தாய்-சேய் இணைகளை ஆராய்ந்த 2018 ஆய்வில், ஒரு வயதில் அதிக எடையுடன் இருக்கும் வாய்ப்பு, அதிக எடையுள்ள தாய்க்குச் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்களுக்கு மூன்று மடங்கு, சிசேரியனில் பிறந்தவர்களுக்கு ஐந்து மடங்கு. சரியான எடையுள்ள தாய்க்குச் சுகப்பிரசவத்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்ட கணக்கு இது. பருமனான பெண்களுக்குச் சிசேரியன் அதிகம் நடக்கிறது; அறுவைக்கு முன் ஆன்டிபயாடிக் ஊசியும் போடப்படுகிறது; தாய்ப்பால் தொடங்கவும் தாமதமாகிறது. இத்தனை இழைகளில் பழியைப் பிறந்த வழியின் மீதோ தாயின் உடம்பின் மீதோ மட்டும் சுமத்துவது அநியாயம்.

தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தேவையற்ற அறுவையைத் தவிர்ப்பதும், தேவைப்பட்டபோது தாய்ப்பாலை விரைந்து தொடங்குவதும் காஸ் துணியைவிட உறுதியான வழிகள். தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு. குழந்தையின் குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோபாக்டீரியா தின்று வளர்வது அவற்றைத்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்திருக்கிறாள். தாயும் சேயும் நலமாக இருந்தால் அறுவை அரங்கிலேயே குழந்தையை மார்பில் போடலாம். அதே கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம்தான்.